கவரக்கா

விஷ வார்டில் அவளைக் கவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது வார்டு ஆயா. வாயெல்லாம் வெந்து, கண்ணில் கலவரத்தோடு ஒரு ஆள் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கினால் போதும், ஆயா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கவரக்காவக் கூப்பிடுங்கப்பா!" என்று குரல் கொடுப்பாள். இவள் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியிடமும் கூட வந்தவர்களிடமும் பேசுவாள். கையெழுத்து வாங்குவாள். பிறகு வராந்தாக் கோடியில் இருக்கும் தன் சின்ன அறைக்குப் போய், இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து, அடுக்கில் முதலாவதாக இருக்கும் பழுப்புக் கவரை எடுத்துக் கிழிப்பாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'மருந்து உண்டு' அல்லது 'மருந்து இல்லை'. இரண்டில் ஒன்று.

அவள் இந்த வேலைக்கு வந்தது கால் வலியால். ஆபரேஷன் வார்டில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் கெண்டைக்கால் நரம்பெல்லாம் கயிறாக முறுக்கிக்கொண்டு விட்டது. மருந்தியல் ஆராய்ச்சிக்கு நர்ஸ் தேவை, மேசை நாற்காலி உண்டு என்று கேள்விப்பட்டதும் மனு போட்டாள். "உக்காந்து பாக்குற வேலைன்னு நம்பி வந்தேன். நாற்காலி இருக்கு, உக்காரத்தான் நேரமில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஆராய்ச்சியை நடத்தியது பெரிய டாக்டரம்மா. பேச்சில் படு சிக்கனம். அவர் ஆராய்ந்தது ஒரே ஒரு விஷத்தை: வயலிலும் தோட்டத்திலும் அடிக்கிற ஒரு களைக்கொல்லி. பார்க்கக் கண்ணாடித் தண்ணீரில் பேனா மையைக் கலந்த மாதிரி இருக்கும். மனிதன் வயிற்றுக்குள் போனால் அது நுரையீரலைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவசரமே படாது. குடித்தவன் நடந்துதான் வருவான். டீ கேட்பான், பெண்டாட்டியை அதட்டுவான், வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று விசாரிப்பான். சொந்தக்காரர்கள், கண்டம் தப்பியது என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சமயத்தில் நுரையீரல் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தோலாகக் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள், மிஞ்சிப்போனால் இன்னும் சில நாளில், மூச்சு விட இடமில்லாமல் சாவான். கடைசி வரைக்கும் நினைவு தப்பாது. அதற்கு மாற்று மருந்து என்று உலகத்தில் எதுவும் இல்லை.

எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மூத்திரத்தை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, கந்தக வாடை வீசும் ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டுக் குலுக்கினால் நிறம் மாறும். லேசான நீலம் என்றால் பிழைக்க வழி இருக்கிறது. நீலம் அடர அடர வழி அடைபடும். வார்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆயா மட்டும் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவாள்.

அந்த விஷத்துக்கு ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் பிழைத்தன. எலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவுமா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை ஏற்பாடும். வருகிற எல்லோருக்கும் கரி கரைத்துக் கொடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது, வலி ஊசி எல்லாம் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே புது மருந்து. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை எங்கோ ஒரு ஊரில் ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு, கவரில் ஒட்டி அனுப்பியிருந்தது. முகத்தைப் பார்த்துக் கொடுத்தால் பிழைக்கிற மாதிரி தெரிகிறவனுக்கே கை போகும். அப்புறம் பிழைத்தது மருந்தாலா, அவன் ஆயுள் கெட்டியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரம்மா இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.

இவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஆள், யாரோ பெரிய மனிதரின் மகனுக்காகக் கவர்களை ஒவ்வொன்றாக பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டான். விஷயம் வெளியே வந்தபோது அதுவரை சேர்த்த எல்லாமே செல்லாது என்று ஆகிவிட்டது. நம்பிக் கையெழுத்துப் போட்ட அத்தனை குடும்பமும், செத்த அத்தனை பேரும் ஆராய்ச்சியின் கணக்கில் இல்லாமலே போனார்கள். மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகுதான் கவருக்குள் ஜிகினாத் தாள் வைத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் இவள் வந்தாள்.

இவள் அந்த மருந்தை நம்பினாள். அதை மறைக்க வேண்டியதில்லை. கொத்தனார் ஒருவரின் மனைவி, குழாய் நல்ல நீலமாக மாறியும், மருந்து ஏற்றியபின் எழுந்து உட்கார்ந்து, ஒரு மாதம் கழித்துத் தன் காலாலேயே வீட்டுக்குப் போனாள். அந்த முகம் இவள் மனதில் அச்சடித்த மாதிரி நின்றுவிட்டது. 'மருந்து உண்டு' என்று சீட்டு வந்தால் இவள் நடையே வேகமாகிவிடும். டாக்டரம்மா கவனித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "சிஸ்டர், மனசுக்குள்ள கணக்குப் போடாதீங்க. பிழைச்சவங்க முகந்தான் நமக்கு ஞாபகம் இருக்கும்."

"சரிங்க மேடம்" என்றாள். மனசு கேட்டால்தானே.

அவள் வீடு மாடி வீடு. மேலே அவளும் கணவனும். அவன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவன். பிள்ளை இல்லை. கீழே கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன், வாய் ஓயாத ஆள். தெருவில் வண்டி திரும்பும்போதே பாட்டுச் சத்தமோ அவன் சத்தமோ கேட்டுவிடும். அவன் மனைவி, இவளுடைய ஓரகத்தி, முணுக்கென்றால் கோபப்படுவாள், அடுத்த நிமிஷமே ஒரு கிண்ணத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதைத் தெருவில் அதிசயமாகப் பேசினார்கள். கீழ்வீட்டுக் குழந்தை பாதி நாள் மேல்வீட்டில்தான் தூங்கும்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரமெல்லாம் புதர் மண்டிவிட்டது. பாம்பு வரும், குழந்தை விளையாடுகிற இடம் என்று ஓரகத்தி தினம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கொழுந்தன் பார்சல் போடுகிற ஒரு நாற்றுப் பண்ணையில் கேட்டு, களைக்கொல்லி கொஞ்சம் வாங்கி, காலி ஜூஸ் பாட்டில் ஒன்றில் ஊற்றி வண்டியில் போட்டுவைத்தான். மத்தியானம் நல்ல வெயில். வண்டி ஓட்டிக்கொண்டே கை நீட்டி, மூடியைத் திருகி, ஒரு வாய்.

துப்பிவிட்டான். வாய் கொப்பளித்தான். மேலே நிறைய தண்ணீர் குடித்தான். மிச்சமிருந்த பார்சலையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாக்கு எரிகிறது என்று கண்ணாடியில் பார்த்தபோதுதான், வேடிக்கை மாதிரி பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே மாடிப்படி ஓடி வந்தாள்.

"அக்கா, இவரு தோட்ட மருந்தை ஜூஸுன்னு நெனச்சு ஒரு வாய் குடிச்சிட்டாராம். துப்பிட்டேங்கிறாரு. பயமில்லையே?"

கவரக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன நிறமா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். ஓரகத்தி கீழே இறங்கிப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். இவள் அதைக் கையில் வாங்கவில்லை. செருப்பைத் தேடினாள், இரண்டும் காலடியிலேயே கிடந்தன.

கொழுந்தன் ஆஸ்பத்திரிக்குள் நடந்துதான் வந்தான். "ஒரு வாய்தான் அண்ணி, அதுலயும் முக்கால்வாசி துப்பிட்டேன். உங்க வேலைய எனக்குக் காட்டணும்னு இழுத்துட்டு வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆயா அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தவள், பின்னால் கவரக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

சோதனையை அவளே செய்தாள். வேறு யாரையும் விடவில்லை. பொடியைப் போட்டுக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். குழாய்க்குப் பின்னால் ஜன்னல் கம்பி தெரியவில்லை. அவ்வளவு நீலம். முக்கால்வாசி துப்பியும் மிச்சம் கால்வாசி போதுமானதாக இருந்திருக்கிறது. குழாயைத் தாங்கியில் செருகினாள். பிறகு பெரிய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க கவரத் தொடக் கூடாது. சின்ன டாக்டரத் திறக்கச் சொல்லுங்க."

"மேடம், ஆராய்ச்சியில சேர்க்காம, மருந்த மட்டும் தனியா..."

டாக்டரம்மா அவளை முடிக்க விடவில்லை. "அனுமதி இல்ல சிஸ்டர். இருந்திருந்தா இத்தன நாள்ல எத்தன பேருக்குக் கொடுத்திருப்போம். கடையிலயும் கிடைக்காது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

கொழுந்தன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களிடம் சொல்வதையெல்லாம் சொன்னாள். அவன் முழுசாகக் கூடக் கேட்கவில்லை. "எங்க அண்ணி நீட்டுற காகிதத்துல கையெழுத்துப் போட எனக்கென்ன யோசனை?" என்று சுழித்துப் போட்டான். சாட்சிக்கு ஓரகத்தி போட்டாள். அவள் எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

பக்கத்துக் கட்டிலில் அதே நேரத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கூலிக்கு மருந்தடிக்கும் ஒருவரின் மகள், பதினேழு வயதிருக்கும். அடைத்துக்கொண்ட தெளிப்பான் குழாயை வாயால் ஊதிச் சரிபண்ணப் போய் விஷம் உள்ளே போயிருக்கிறது. அவளுடைய சோதனைக் குழாயில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியாகத்தான் இருந்தது. அவள் அப்பா, படிக்கத் தெரியாதவர், காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வராந்தாவில் கணவன் அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். "சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறமென்ன? ஒண்ணத் திறந்து பாரு. இல்லேன்னு இருந்தா அடுத்ததத் திற. யாருக்குத் தெரியப்போவுது?"

"அடுத்தது அந்தப் பொண்ணோடது."

"அந்தப் பொண்ணு யாரு, நம்ம சொந்தமா? என் தம்பிடீ. நான் தூக்கி வளத்த பையன்." அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பிடித்திருப்பது அவனுக்கே தெரியவில்லை. "உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல நான்."

அது உண்மை. அவன் எதுவும் கேட்கிற ஆள் இல்லை.

அறைக்கு வந்தாள். சின்ன டாக்டர் அங்கே காத்திருந்தார். நல்ல மனசுக்காரர், தாட்சண்யம் அதிகம். அவளிடம் சாவி வாங்கி இழுப்பறையைத் திறந்தவர், அடுக்கைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், சாவியை மேசைமேல் வைத்தார். "காலையிலேருந்து தலைவலி சிஸ்டர். நான் கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன். அதுக்குள்ள நீங்களே... பாத்து வைங்க." கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

இழுப்பறை திறந்தே கிடந்தது. கவர்கள் வரிசையாக நின்றன. கை நீட்டும் தூரம்தான். அவள் ஒன்றை எடுத்தாள், அதன் பின்னால் இருந்ததையும் எடுத்தாள். இரண்டுக்கும் எடை ஒன்றுதான். ஒன்றை ஆவியில் காட்டினால் ஒட்டு விட்டுவிடும். வென்னீர் கெட்டில் அதே மேசையில் இருந்தது. வராந்தாவில் கொழுந்தன் ஆயாவிடம் ஏதோ சொல்ல, ஆயா அடக்க முடியாமல் சிரிப்பது கேட்டது. அந்தப் பெண்ணின் அப்பா இருமுவது கேட்டது. கொத்தனார் மனைவியின் முகம் கண்ணெதிரே வந்தது. மருந்து கிடைத்தால் இவனும் பிழைப்பான் என்று அவள் நம்பினாள்; அந்த நிமிஷத்தில் வேறு எதையும்விட அதை நம்பினாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, எறும்புக்காவது இரண்டு பக்கமும் நெருப்பு என்று தெரியும்.

இரண்டு கவரையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "டாக்டர்! டீ அப்புறம் குடிக்கலாம். வந்து கவரத் திறங்க."

படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தவர் திரும்பி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. முதல் கவரில் கொழுந்தன் பெயரை எழுதிக் கிழித்தார். மருந்து இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா கட்டைவிரலை உருட்டினார். அடுத்த கவர். மருந்து உண்டு.

கொழுந்தனிடம் அவளே போய்ச் சொன்னாள்.  "எனக்கு எந்தக் குலுக்கல்ல அண்ணி விழுந்திருக்கு?" என்றான். 

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த வார்டில் எப்போதும் நடப்பதுதான். மறுநாள் அவனுக்கு வாய்க்குள் தோல் உரிந்தது. எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டான். மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தான், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றான். குழந்தை வந்து, "அப்பா, உன் வாய் ஏன் கறுப்பா இருக்கு?" என்று கேட்டது. அதன் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேச்சு குறைந்தது. அந்த வீட்டில் அவன் பேச்சு குறைந்து யாரும் பார்த்ததில்லை.

ஓரகத்தி ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லி அழுதாள். சுவரில் குழாய் இருக்கிறது, மாஸ்க் தொங்குகிறது, கையெட்டும் தூரத்தில். இந்த விஷத்துக்கு ஆக்ஸிஜன் எரிகிற அடுப்புக்கு விறகு. கொடுத்தால் நுரையீரல் இன்னும் சீக்கிரம் கெடும். அதையும் கவரக்காதான் சொல்ல வேண்டியிருந்தது. "மருந்தும் இல்ல, காத்தும் இல்லையா? வேற எதத்தான் கொடுப்பீங்க இங்க?" என்று ஓரகத்தி கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் பெண், கையில் மருந்து ஊசியோடு, போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நிஜத்தச் சொல்லுங்க" என்று அவன் ஒரு மத்தியானம் கேட்டான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு. "வீட்டுக்குப் போவேனா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவன் மறுபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான்: "அவ கிட்ட... களை எடுக்கச் சொன்னதால ஆச்சுன்னு... அவ நெனச்சிடக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

கடைசி நாளில் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, மாஸ்க்கை மாட்டச் சொன்னார். ஓரகத்தி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இனி என்ன ஆனாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பதால்தான் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கவரக்கா மாஸ்க்கின் வாரை அவன் காதுக்குப் பின்னால் சரிசெய்துவிட்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்துக் கட்டில் பெண் பிழைத்தாள். அவன் இறந்த அடுத்த வாரம், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் படியில் இறங்கிப் போனாள். ஓரகத்தி ஏதோ சான்றிதழ் வாங்க வந்தவள், எதிரே நின்று அதைப் பார்த்தாள்.

வீடு இரண்டாகப் போயிற்று. கீழ்வீட்டுக் கதவு மாடிப்படிப் பக்கம் திறப்பதில்லை. தண்ணீர் மோட்டார் சுவிட்ச் கீழே இருந்தது. மேலே தொட்டி காலியானால் கணவன்தான் போய்ச் சொல்ல வேண்டும். குழந்தை மேலே வருவதை நிறுத்திவிட்டது, அல்லது நிறுத்தப்பட்டது. கணவன் ஹாலில் படுக்கத் தொடங்கினான். சண்டை எதுவும் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு முறைதான் கேட்டான்: "அந்த வேலைய விட்டுடக் கூடாதா?"

"இப்ப விட்டா தம்பி சும்மா செத்துட்டான்னு ஆயிடும்" என்றாள்.

"சும்மாத்தான் செத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கொழுந்தன் சொல்லச் சொன்ன சேதியை ஓரகத்தியிடம் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. களையைப் பற்றி யாரும் பேசாதபோது, அதனால் ஆகவில்லை என்று போய்ச் சொன்னால், அதனால்தான் ஆனது என்று ஞாபகப்படுத்துவதாக ஆகிவிடாதா? அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'சொந்தக் கொழுந்தனுக்கே கொடுக்காம ஊரான் பொண்ணுக்குக் கொடுத்தவ' என்று தெருவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது.

கொழுந்தன் போய் மூன்றாம் வருஷம் கவர்கள் தீர்ந்தன. ஆராய்ச்சியின் முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியின் பெரிய அறையில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்திருந்தார்கள். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். கவரக்கா கடைசி வரிசையில் ஆயாவோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா திரையில் ஒரு படம் காட்டினார். இரண்டு கோடுகள். ஒன்று மருந்து கிடைத்தவர்கள், ஒன்று கிடைக்காதவர்கள். இரண்டும் சடை பின்னின மாதிரி ஒன்றையொன்று பிணைந்துகொண்டு, ஒன்றாகவே கீழே இறங்கின. மருந்து யாரையும் காப்பாற்றவில்லை. நீலம் வெளுத்திருந்தவர்கள் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்தார்கள். நீலம் அடர்ந்தவர்கள் இரண்டு பக்கமும் செத்தார்கள். கொத்தனார் மனைவி மாதிரி ஒருத்தர் இரண்டு பேர் தப்பியது இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. எலிகளுக்கு உதவியது எலிகளோடு நின்றுவிட்டது.

கைதட்டினார்கள். ஆயா, "என்னாச்சாம்?" என்று காதில் கேட்டாள்.

"மருந்து வேலை செய்யலியாம்."

"அதுக்கா கைதட்டுறாங்க?"

கவரக்கா எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்த மாதிரி முதலில் இருந்தது. கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டான். கொடுத்திருந்தாலும். பிறகு, அதில் சந்தோஷப்பட்டதை நினைத்து உடம்பு கூசியது.

அன்று சாயங்காலம் நேராகக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஓரகத்தி திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கவரக்கா வாசலில் நின்றபடியே, திரையில் பார்த்ததை, இரண்டு கோடுகளை, எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பிழைத்தது அந்த மருந்தால் இல்லை என்றாள். தம்பிக்குக் கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள்.

ஓரகத்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "இது உங்களுக்கு அன்னிக்குத் தெரியுமா அக்கா?"

"இல்ல. இன்னிக்குத்தான் தெரியும்."

"அன்னிக்கு என்ன நெனச்சீங்க? குடுத்தா பிழைப்பாருன்னுதானே நெனச்சீங்க?"

கவரக்காவால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமா."

"பிழைப்பாருன்னு நெனச்சுக்கிட்டேதான், சாவிய வச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்க." ஓரகத்தி கதவின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "மருந்து நல்லதா கெட்டதாங்கிறது உங்க டாக்டருங்க சமாசாரம் அக்கா. எனக்கு எதுக்கு அது?"

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். கவரக்கா திறந்த கதவுக்கு முன்னால் நின்றாள். வீட்டுக்குப் பின்னால் செடிகள் தோள் உயரம் வளர்ந்திருப்பது அந்த வாசல் வழியாகத் தெரிந்தது. களையைப் பற்றி அவன் சொன்னதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்பியபோது மாடிப்படியில் கணவன் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான். அவள் மேலே ஏற வழி விட்டு ஒதுங்கினான், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் ஓரகத்தி குழந்தையோடு தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்ததாகக் கணவன் சொன்னான். கீழ்வீட்டுக்கு வாடகைக்கு ஒரு தையற்காரர் குடும்பம் வந்தது. பகலெல்லாம் மிஷின் சத்தம்.

களைக்கொல்லிக்கு அரசாங்கம் தடை போட்டது. டாக்டரம்மாவின் முடிவையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டினார்கள்: இதற்கு மருந்தே கிடையாது, ஆகவே விற்கக் கூடாது. வார்டில் அந்த நீலம் வருவது குறைந்து, நின்றே போனது. அதற்குப் பதிலாகத் தோட்டத்துக்கு அடிக்கக் கடைக்கு வேறு ஒரு விஷம் வந்தது. அது நரம்பைப் பிடிக்கிற ஜாதி. அதற்கும் மாற்று மருந்து தேடி ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். இப்போது கவர் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் திரையில் வந்துவிடும். ஆயா ஓய்வு பெற்றுப் போய்விட்டாள். புதிதாக வந்தவர்களும் கவரக்கா என்றே கூப்பிட்டார்கள், ஏனென்று தெரியாமல்.

போன மாதம் ஒரு அப்பா, அம்மா, வளர்ந்த பையன். பையன் அந்தப் புது விஷத்தைக் குடித்து, வியர்த்து நனைந்து கிடந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா படித்தவர், ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டு ஆளா இருந்தா நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"எங்க வீட்டு ஆள் ஒருத்தருக்கு இந்த மாதிரி ஒண்ணுல கையெழுத்து வாங்கினேன் சார்" என்றாள். "மருந்து விழல. இறந்துட்டார். அந்த மருந்து யாருக்குமே பலிக்கலைன்னு அப்புறந்தான் தெரிஞ்சது. இது பலிக்குமான்னும் எங்களுக்குத் தெரியாது. தெரியாததாலதான் கேக்குறோம்."

 மனைவி அவர் தோளைத் தொட்டாள். அவர் காகிதத்தை இரண்டாக மடித்து, கவரக்காவின் மடியில் வைத்தார். "வேண்டாம்மா. நீங்க வழக்கமா என்ன செய்வீங்களோ அத மட்டும் செய்ங்க."

"சரிங்க சார்" என்றாள். கெண்டைக்காலைப் பிடித்தபடி எழுந்து, ஸ்டூலைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பையனுக்குக் குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடத் தொடங்கினாள்.